கியர் மாறாத காரும் பன்னிரண்டு மணிப் பந்தியும்

கோமதிக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லாவிட்டால் அதுவே பெரிய கவலையாகிவிடும். அன்றைக்கு அந்தக் குறை இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, மோர், வாழையிலைக் கட்டு எல்லாம் காரில் ஏறிவிட்டன. கார்தான் கிளம்பவில்லை.

கோமதி, அவள் புருஷன் சங்கரபாண்டி, அவன் தம்பிகள் இசக்கி, சுடலை. இதுதான் சமையல் கோஷ்டி. கார் முந்தின நாள்தான் வந்தது. இருபத்தைந்து வருஷத்துப் பழசு. விற்ற டாக்டர் இரண்டே விஷயம் சொல்லியிருந்தார்: "கியர் தானா மாறும். பிரேக்கை அநாவசியமா மிதிக்காதீங்க, தேஞ்சிடும்." சங்கரபாண்டி அந்தப் பக்கம் காலையே கொண்டுபோகவில்லை.

எஞ்சின் உறுமியது. கியர் அசையவில்லை. நாலு பேரும் அதையே உற்றுப் பார்த்தார்கள்.

"இப்படி முறைச்சா எப்படி மாறும்? அதுக்கும் கூச்சம் இருக்காதா?" என்றாள் கோமதி.

நியாயம்தானே. நாலு பேரும் கால் மணி நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அப்போதும் அது மாறவில்லை.

வழியில் போன ஒருவர், "மண்டபம் அந்தா தெரியுது. தூக்கிட்டுப் போயிரலாமே" என்றார்.

"இம்புட்டுக் கனமான காரையா?" என்று கேட்டான் சுடலை. அவர் நடையைக் கட்டினார்.

கோமதி டவுன் மெக்கானிக் ஜெபராஜுக்குப் போன் போட்டாள். "வண்டி சமதரையில நிக்குதாக்கா?" என்றான் அவன்.

இசக்கி ஒரு தட்டில் ரசம் ஊற்றி பானெட்டின் மேல் வைத்தான். ரசம் இடது பக்கம் சாய்ந்தது.

"இடது பக்கம் ரசம் கூடிப்போச்சு மைனி. அதான்" என்று அந்தப் பக்கத்தை உறிஞ்சினான். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் உறிஞ்சினான். தட்டு காலியானதும் சாய்வு நின்றது.

"சமமாயிடுச்சு தம்பி" என்றாள் கோமதி, ரசம் குறைந்த கவலையோடு.

"சரி. கியர் எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்க. செவப்பா இருக்கணும். கருகுன வாடை அடிக்கக் கூடாது."

எண்ணெய் என்றதும் நாலு பேரும் நிமிர்ந்தார்கள். அது அவர்கள் தொழில். குச்சி மூக்கு மூக்காகப் போய் வந்தது.

"கருகல" என்றான் இசக்கி.

"கருகல சரி. கடுகே போடலியே?" என்றான் சுடலை.

கோமதி கவலையோடு போனில் சொன்னாள்: "எண்ணெய் நல்ல எண்ணெய்தான் தம்பி. ஆனா யாரும் தாளிக்கல."

ஜெபராஜ் எண்ணெயை விட்டுவிட்டு, "பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தானே கியரை இழுக்கிறீங்க?" என்றான்.

"அநாவசியமா மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே!"

"இது அவசியம்க்கா!"

"அவசியம்தானான்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமா?" என்றான் சங்கரபாண்டி.

மணி பன்னிரண்டுக்குப் பத்து. "சாம்பார் ஊசிப்போகாம இருக்கிறதைவிட என்னங்க அவசியம்? மிதிங்க!" என்று கத்தினாள் கோமதி.

மிதித்துக்கொண்டு இழுத்தான். கியர் சொன்ன பேச்சு கேட்டு இறங்கியது.

"அவ்வளவுதான். அண்ணனை பிரேக்குல இருந்து காலை எடுக்கச் சொல்லுங்க" என்றான் ஜெபராஜ். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

கார் ஆள் நடக்கிற வேகத்தில் தானாகவே நகர்ந்தது. சங்கரபாண்டி உள்ளே இருக்க, மற்ற மூவரும் கூடவே நடந்தார்கள். சரியாகப் பன்னிரண்டுக்கு மண்டபம் வந்தது. வாசலில் பசியோடு கூட்டம். கார் அவர்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, மண்டபம்! பிரேக்கை மிதிங்க!"

"காலை எடுக்கத்தானே சொன்னான்? திரும்ப வைக்கச் சொல்லலியே" என்றான் சங்கரபாண்டி.

அதுவும் சரிதான் என்று கோமதிக்குப் பட்டது. ஆனால் மணியடித்தால் பந்தி போட்டாக வேண்டும். "டிக்கியைத் திறலே இசக்கி! இலையைக் கொடு!"

முதல் பந்தி நடக்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு இலையைக் கையில் ஏந்திக்கொண்டு காருக்குப் பின்னால் போனார்கள். "சாம்பார்! சாம்பார்!" என்று மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து வாங்கினார். மெதுவாக நடந்தவர்களுக்குக் கூட்டு கிடைக்கவில்லை. மோர் ஊற்றும்போது அடுத்த ஊர் எல்லை வந்துவிட்டது.

சொன்ன நேரத்துக்குச் சோறு போட்டாயிற்று. கோமதிக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். ஜன்னலோரம் வந்து கேட்டாள்:

"ஏங்க, நம்ம ஊர்ல போட்ட இலையை அடுத்த ஊர்ல எடுக்கலாமா?"

சங்கரபாண்டி யோசித்தான். "டாக்டர் வீடு இந்த வழியிலதான் இருக்கு. போற போக்குல கேட்டுருவோம்."