கூழாகாத கம்பி

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த குணசீலனுக்கு மெட்டல் என்கிற இரைச்சல் ராக் பாட்டென்றால் உயிர். நாற்பது தாண்டியும் அந்தப் பைத்தியம் விடவில்லை. மச்சினன் கபிலன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்தபோது, "கிட்டாருக்கு நீங்க வந்துருங்க மாமா" என்று கூப்பிட்டான். மனுஷர் பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு ஓடினார்.

அவருக்குப் பாடம் சொன்னவர் ரெபெக்கா. வயதில் அவரைவிட நிறையவே சின்னவர். மாவு மில்லுக்கு மேல் மாடியில் வகுப்பு. கீழே மில் ஓடுகிற சத்தத்தில் மேலே எவ்வளவு அலறினாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ரெபெக்கா அவரை அண்ணா என்பார். அவர் ரெபெக்காவை டீச்சர் என்பார். இருவருக்கும் அது பழகிப் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குணசீலன் வாடின முகத்தோடு படியேறி வந்தார். கிட்டார் பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"டீச்சர், ஆக்டிவ் பிக்கப்புக்கு எந்தக் கம்பிங்க சரியா வரும்?"

பிக்கப் என்பது கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து அவற்றின் அதிர்வைப் பிடிக்கிற காந்தக் கட்டை. ஆக்டிவ் என்றால் பேட்டரியில் ஓடுவது. பிடித்ததைத் தானே பெருக்கி அனுப்பிவிடும். சமீபத்தில்தான் ஆசை ஆசையாக அதை வாங்கி மாட்டியிருந்தார்.

"இப்ப என்ன போட்டிருக்கீங்க?"

"பத்துல ஆரம்பிச்சேனுங்க. அப்புறம் பதினொண்ணு, பன்னெண்டு. இப்பப் பதிமூணு."

லேத்துக்காரர் அல்லவா, ஆறு கம்பியில் மெல்லிசானதன் தடிப்பு தௌ கணக்கில் வாயில் தானாக வந்தது. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ. கிட்டார் கம்பிக்கும் பட்டறைக்கும் ஒரே கணக்கு என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ரெபெக்கா கிட்டாரை வாங்கி, இருப்பதிலேயே தடித்த கம்பியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கிட்டாருக்குங்களா, தேர் இழுக்கவா?"

குணசீலனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"போன கச்சேரி கூழாப் போச்சுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை காலேஜ்ல மேடை. 'மறுபடி இப்படிக் கொட்டுனீங்கன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம் மாமா'ன்னு கபிலன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டானுங்க. அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்ததே நானு."

ரெபெக்கா கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியோடு ஒயரால் இணைத்து அவரிடம் நீட்டினார். "வாசிங்க."

வாசித்தார். அறை அதிர்ந்தது. ஆனால் எந்த இடி எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரெபெக்கா குனிந்து ஒயரைப் பிடுங்கினார்.

"இப்ப வாசிங்க."

"சத்தம் வராதுங்களே."

"வர்றது வரட்டும்."

கோணிச் சாக்கைத் தட்டுகிற மாதிரி தொம் தொம் என்று வந்தது. கம்பியை அமுக்கி அமுக்கி அவர் இடது கை விரல் நுனிகள் சிவந்துபோயின.

"எதுக்குங்கண்ணா இத்தனை தடிப்பு?"

"நம்ம சத்தம் மேல நிக்கோணுமில்லீங்க? ஒருபக்கம் டிரம்ஸ், ஒருபக்கம் கபிலன் தொண்டை. நடுவுல நானு."

"பழைய பிக்கப்புக்குக் காது கொஞ்சம் மந்தம். ஓங்கித்தான் சொல்லணும். இது உங்க வாய்கிட்டயே காதை வச்சுட்டு உக்காந்திருக்குது. அதுகிட்டப் போயி ஆராச்சும் கத்துவாங்களா?"

குணசீலன் தலையைச் சொறிந்தார்.

"பாட்டுக்குச் சுருதியை எவ்வளவு இறக்கி டியூன் பண்றீங்க?"

"ஒரு ஸ்டெப்தானுங்க."

"அதுக்கு மெல்லிசே தாங்குமுங்கண்ணா" என்று ரெபெக்கா அலமாரியைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். வழக்கமான நிக்கல் பூச்சுக் கம்பி இல்லை, ஒலி இன்னும் பளிச்சென்று வருகிற எவர்சில்வர். குணசீலன் சட்டைப் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து, இருப்பதிலேயே மெல்லிசானதை அளந்தார். பட்டறையில் ஆணி வாங்கினாலும் அவர் அளந்துதான் வாங்குவார்.

"பத்தேதானுங்க டீச்சர். இந்த அளவைத்தான் நான் மொதல்லயே கழட்டிப்போட்டனே."

"ஏனுங்க கழட்டுனீங்க?"

"என்னமோ... சரியா உக்காரலீங்க."

"இன்னைக்கு உக்காருதான்னு பாப்போம்."

பதிமூணு கழன்றது. எவர்சில்வர் ஏறியது. இழுவை குறைந்ததற்குத் தக்கபடி, கிட்டாரின் கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை ஆலன் கீயால் தளர்த்தினார் குணசீலன். அந்த வேலை அவருக்குக் கைவந்தது. முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது. ரெபெக்கா ஒயரைச் செருகினார்.

குணசீலன் அடித்தார்.

தகடு வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. "அடேயப்பா!" என்றார்.

இரண்டாவது வரியில் ஒரு விரல் வழுக்கியது. அது கேட்டது. சும்மா இருக்க வேண்டிய கம்பி ஒன்று கூடச் சேர்ந்து ஒலித்தது. அதுவும் கேட்டது. சட்டென்று நிறுத்த வேண்டிய இடத்தில் உள்ளங்கை ஒரு நொடி பிந்தி வந்தது. அது எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது.

நிறுத்திவிட்டார்.

"டீச்சர், தப்பெல்லாம் கேக்குதுங்களே."

"கேக்குதுங்கண்ணா."

"அன்னைக்குப் பத்து போட்டப்பவும் இப்படித்தானுங்க கேட்டுச்சு."

ரெபெக்கா கழற்றிய தடித்த கம்பிகளைச் சுருட்டி வைத்தார். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது.

"இதை மாட்டிட்டு நான் எப்படிங்க மேடை ஏறுவேன்? எதுக்க அத்தனை பசங்க. பக்கத்துல கபிலன் வேற." குணசீலன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பு வெளிய தெரியாத மாதிரி ஏதாச்சும் ஒரு கம்பி இருந்தாச் சொல்லுங்க டீச்சர். என்ன வெலைன்னாலும் வாங்கிப்போடறேன்."

"அதைப் போட்டுட்டுத்தானுங்கண்ணா போன கச்சேரி வாசிச்சீங்க" என்றார் ரெபெக்கா.