கம்பெனி பைப் தாங்கும்

"கம்பெனி பைப் தாங்கும்னு சொன்னது நீங்கதான அம்மணி?"

வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. கொட்டகைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

திலகமணி ஒரு காரின் பானட்டைத் திறந்து வைத்து உள்ளே குனிந்திருந்தார். நிமிரவில்லை.

"ஆமாங்ணா. சொன்னேன்."

இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று சென்னியப்பன் நினைக்கவே இல்லை. சூலூரிலிருந்து செட்டிபாளையம் வரைக்கும் வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்த மனுஷன். எதிராளி சண்டைக்கே வரவில்லை என்றால் சேர்த்ததையெல்லாம் எங்கே கொட்டுவது?

இதில் குரு திலகமணி, சிஷ்யன் சென்னியப்பன். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சிஷ்யனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

கம்பெனிக்காரன் கொடுத்த வேகம் போதாது என்று வருகிறவர்களின் காரில் லேப்டாப்பை மாட்டி, இன்ஜினின் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது திலகமணியின் தொழில். லேத் பட்டறை படுத்துப்போன பிறகு சென்னியப்பன் அவரிடம் வந்து கற்றுக்கொண்டார். இந்த வயசில் சிஷ்யனா என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! கற்றுக்கொண்டு போய்ச் சூலூரில் தனிக்கடையும் போட்டுவிட்டார்.

"எய்தவன் இருக்க அம்பை நோகறாங்க அம்மணி," என்றார் சென்னியப்பன். "நான் வெறும் அம்பு. எய்தது யாரு?"

திலகமணி இப்போதுதான் நிமிர்ந்தார்.

"உக்காருங்ணா. யாருக்கு என்ன ஆச்சு?"

சென்னியப்பன் உட்காரவில்லை. கொண்டுவந்த சாக்குப் பையிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பைப்பை எடுத்து மேசையில் வைத்தார். வளைவில் அது பிளந்து கிடந்தது.

டர்போ வண்டியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டர்போ என்பது காற்றைப் பிடித்து இன்ஜினுக்குள் திணிக்கிற ஒரு விசிறி. அந்தக் காற்று போகிற வழிதான் இந்தப் பைப்; வண்டியோடு கம்பெனிக்காரனே போட்டு அனுப்புவது. இன்ஜினின் பலத்தைக் கூட்ட வேண்டுமா, காற்றை இன்னும் அழுத்தித் திணிக்க வேண்டும். பைப் பிளந்தால் காற்று வெளியே போய்விடும், வண்டியில் இழுவை இருக்காது.

"குழந்தைவேலுவோட வண்டிது," என்றார் சென்னியப்பன்.

குழந்தைவேலுவும் சென்னியப்பனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பல்லடத்தில் தறி ஓட்டுகிற குழந்தைவேலு, பிள்ளைகளையெல்லாம் கரை சேர்த்துவிட்டு, தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார். நம்ம சென்னியப்பன் இருக்கும்போது வேற எவன்கிட்டயாவது கொடுப்பேனா என்று, பலத்தைக் கூட்டச் சொல்லிச் சாவியைக் கொண்டுவந்து கையில் வைத்தார்.

போன மாசம் காங்கேயம் ரோட்டில் கல் ஏற்றிய லாரி ஒன்றைத் தாண்டப் போனார். எதிரே தூரத்தில் பஸ். தாராளமாகத் தாண்டியிருக்கலாம். பாதியில் பைப் பிளந்தது. மிதிக்கிறார், வண்டி இழுக்கவில்லை. மிதிக்கிறார், இழுக்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் மோதிவிட்டார்.

"உசுரு?" என்றார் திலகமணி.

"இருக்குதுங். வலது முட்டி போச்சு. இனி மடங்காதாம்."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

சென்னியப்பன் பைப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். பைக் நிறுத்த எடமில்ல. திரும்பிட்டேன்."

அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பைக் நிறுத்த இடமில்லையாம்! சொல்கிறவருக்கே அது நொண்டிச் சாக்கு என்று தெரிந்தது.

"இப்ப வீட்டுக்கு வந்துட்டான். ஏன் வர்லைன்னு ஆள் உட்டுக் கேக்கறான். எப்பிடி அம்மணி போவேன்? அவன் மூஞ்சியப் பாக்க ஒரு பதில் வேணுமில்ல?"

"என்ன பதிலு?"

"கம்பெனி பைப்பே மோசம், நம்பக் கூடாதுன்னு சொல்லுங்க. அதச் சொல்லிக்கறேன். அது இல்லாட்டி, நீங்க தாங்கும்னு சொன்னீங்க, அதத்தான் நானும் சொன்னேன்னு சொல்லிக்கறேன். ரெண்டுல ஒன்னக் குடுங்க. போயிடறேன்."

திலகமணி பைப்பைக் கையில் எடுத்தார். பிளவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நான் சொன்ன தாங்கும் வேறங்ணா. நீங்க சொன்ன தாங்கும் வேற."

சென்னியப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு நேரம் இருந்த மரியாதை எங்கோ போய்விட்டது.

"வெளையாடறியா அம்மணி? ஒருத்தன் காலு போய்க் கெடக்கறான், நீ விடுகதை போடற. தாங்கும்னா தாங்கும்தான? அதுல என்ன ரெண்டு?"

திலகமணி கோபப்படவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். கொட்டகைக்குச் சிமெண்ட் அட்டைக் கூரை.

"அண்ணா, இந்த அட்டை தாங்குமா?"

"ஏன் தாங்காது? ஐப்பசியில அடிச்ச மழைக்கே ஒரு பொட்டு ஒழுகலையே. நான் இங்கதான இருந்தேன்."

"அப்பத் தாங்கும்?"

"தாங்கும்."

திலகமணி மூலையில் கிடந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சுவரில் சாய்த்தார். அடியில் ஒரு காலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறித்தான் பாருங்களேன்."

கேட்க வந்தது ஒன்று, நடப்பது ஒன்று. ஆனாலும் கற்றுக்கொடுத்த வாய் சொல்கிறது, தட்ட முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார் சென்னியப்பன். ஏறினார்.

உச்சிப் படிக்கு வந்ததும் கீழேயிருந்து குரல் வந்தது.

"அப்பிடியே அட்டை மேல நடுவுல போயி நில்லுங்ணா."

சென்னியப்பன் ஒரு காலை எடுத்து அட்டைக்கு மேலே நீட்டினார். வைக்கவில்லை. வெயிலில் வெளுத்துக் கிடந்தது அட்டை. அதற்குக் கீழே என்னென்ன இரும்புச் சாமான் கிடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மணி, தாங்குமா?"

கீழே திலகமணி ஏணியை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"அம்மணி! உன்னத்தான் கேக்கறேன். தாங்குமா?"

"நீங்கதான சொன்னீங்க, தாங்கும்னு."

"அட, மழையத் தாங்கும்னு சொன்னேன். என்னையத் தாங்கும்னா சொன்னேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

நீட்டிய கால் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதை மெல்லப் பின்னால் இழுத்து ஏணியில் வைத்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்ததும் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

திலகமணி ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சென்னியப்பன் வாங்கினார், குடிக்கவில்லை.

"மொதல்ல கொஞ்சமாத்தான் கூட்டுனேன் அம்மணி."

"ம்."

"உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டது அப்பத்தான். தாங்கும்னீங்க. தாங்குச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் வந்தான். பழகிப்போச்சுடா, இன்னுங் கொஞ்சம் குடுறான்னான். இன்னும் எச்சாக் கூட்டிக் குடுத்தேன்."

"தாங்குமான்னு அவரு கேட்டாரா?"

சென்னியப்பன் தலையை ஆட்டினார்.

"கேட்டான். தாங்குமாடான்னு கேட்டான்."

"நீங்க பைப்பக் கழட்டிப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"ஏனுங்ணா?"

"தாங்கும்னுதான் முந்தியே சொல்லியாச்சேன்னு..."

பிளாஸ்டிக் பிளக்கப் போகிறது என்றால் முதலில் அந்த வளைவில் வெள்ளையாகக் கோடு விழும். இது அவருக்குத் தெரியாததா? இதே கொட்டகையில் எத்தனை பைப்பைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஆகாது என்று தூக்கிப் போட்டிருப்பார்! ஒரு ஸ்க்ரூட்ரைவர் எடுத்து ரெண்டு கிளிப்பைத் தளர்த்தியிருந்தால் போதும். பேச்சு சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டார். அன்றைக்குக் குழந்தைவேலு போண்டா வாங்கி வந்திருந்தார்.

"பாவி, பாத்திருக்கலாமே," என்று சென்னியப்பன் தன் தொடையில் தானே அடித்துக்கொண்டார். "பாத்திருக்கலாமே அம்மணி. கண்ணு முன்னாடிதான கெடந்துச்சு."

அழுதார். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். திலகமணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும்தாங்ணா," என்றார் பிறகு. "எந்த வண்டி, எவ்வளவு கூட்டப் போறீங்க, பின்னால கூட்டற யோசனை இருக்குதான்னு அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். வேல அவசரத்துல தாங்கும்னுட்டுப் போன வெச்சுட்டேன். அத நெனச்சா எனக்கும் மனசு ஆறாது."

உள்ளே போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கெளம்புங்ணா."

"எங்கீங்?"

"பல்லடம்."

வண்டியில் போகும்போது சென்னியப்பனுக்கு அழுத கண் எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு நிம்மதி தலைகாட்டியது. தனியாகப் போகவில்லை. அம்மணி கூட வருகிறார். எப்படியும் அவரே பேசிக்கொள்வார். வெட்கம் கெட்ட நிம்மதிதான். அதைத் துரத்தவும் அவருக்கு மனசு வரவில்லை.

குழந்தைவேலு வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை எதிர் ஸ்டூலில் நீட்டியிருந்தார். பக்கத்து ஷெட்டில் தறி ஓடும் சத்தம். ஆள் பாதியாகியிருந்தார். நண்பனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் சென்னியப்பனுக்குத் தாங்க முடியவில்லை.

"வாடா, வா. செத்தானா பொழச்சானான்னு பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு? உக்காரு. காப்பி குடிக்கறயா? இது யாருடா, கூட?"

"எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்த அம்மணி."

"அட! வாங்கம்மணி, உக்காருங்க."

திலகமணி உட்காரவில்லை. குழந்தைவேலுவின் காலைப் பார்த்தார். கை கூப்பினார்.

"கம்பெனி பைப் தாங்கும்னு இவருக்குச் சொன்னது நானுங்க. நான் சொன்னதத்தான் இவரு உங்களுக்குச் சொன்னாரு. தப்பு என்னோடது. வையறதா இருந்தா என்னைய வையுங்க."

சென்னியப்பன் கேட்க வந்த பதில் இதுதான். வார்த்தை மாறாமல் இதேதான். கிடைத்துவிட்டது.

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தைவேலு திலகமணியைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். அவர் நிமிர்வார் என்று காத்திருந்த மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் நிமிரவில்லை.

"அம்மணி, உங்கள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்," என்றார் குழந்தைவேலு. குரலில் கோபம் இல்லை. "அந்தப் பைப்பு எங்க இருக்குது, எப்பிடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

காலைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்தார். வலித்தது, விட்டுவிட்டார்.

"நானென்ன, பைப்ப நம்பியா அந்த லாரியத் தாண்டப் போனேன்?"