மருதாயியைக் கரைத்த மூடுபனி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மலைகளும் மனிதரோடு பேசிய நாளில், முகில்மலை அடிவாரத்தில் சடையன் என்றொரு விறகுவெட்டி இருந்தான். அவன் மனைவி மருதாயிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊரே திரண்டு வந்தது. குழந்தையைக் கொஞ்சியது, குழந்தைக்குக் காப்புப் போட்டது, போய்விட்டது. மருதாயியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பார்த்தது ஒரு மூடுபனிதான். மலையிலிருந்து இறங்கிய அந்த மாயப்பனி வாசல் வழியாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. முதலில் அவள் தூக்கத்தை எடுத்துக்கொண்டது. பிறகு பசியை. பிறகு சிரிப்பை. பிள்ளை பிறந்த வீட்டில் அழக் கூடாது என்றார்கள் ஊரார். சடையனும் அதையே சொன்னான். ஒருநாள் காலை அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கையின் ஊடே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

சடையன் அதைப் பார்த்தான். கோடரியை எடுத்துக்கொண்டு, பனி வந்த வழியே மலையேறினான்.

உச்சியில் ஒரு பெண் யானை அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தது. மற்ற யானைகள் கற்கோட்டை போலச் சுற்றி நின்றன. பனி வந்து மோதியது; வழுக்கிப் போனது. மறுபடி மோதியது; வழுக்கிப் போனது. மூன்றாம் முறை மோதிச் சிதறிப் போனது. சடையனின் கையிலிருந்து கோடரி நழுவியது.

"என் பெண்டாட்டி கரைஞ்சுக்கிட்டு இருக்கா, தாயே" என்றான்.

தாய் யானை வாய் திறந்து பேசியது: "இவர்கள் குட்டியைச் சுற்றி நிற்கவில்லை, என்னைச் சுற்றி நிற்கிறார்கள். நீங்கள் யாரைச் சுற்றி நின்றீர்கள்?"

அவன் வீட்டுக்கு ஓடினான். அவள் அருகில் உட்கார்ந்து, "மருதாயி, நீ எப்படி இருக்க?" என்று கேட்டான்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு நூல் போல ஒரு குரல் வந்தது.

"பிள்ளையைப் பாத்தாலும் மனசுல ஒண்ணும் தோணல. நான் என்ன அம்மா?"

அப்படிச் சொல்லாதே என்று வாய்வரை வந்ததை அவன் விழுங்கினான். "சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. நான் எங்கயும் போகல."

அவள் சொன்னாள். அவன் கேட்டான். பிறகு அவள் தங்கை கொழுந்தாயியையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் அழைத்து வந்தான். குழந்தை பால் குடித்ததும் ஒருத்தி வாங்கிக்கொள்ள, மருதாயி தூங்கினாள். கொழுந்தாயி கஞ்சி ஊட்டினாள். மருத்துவச்சி மருந்து அரைத்துக் கொடுத்து, இது மருதாயியின் குற்றமல்ல என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். பனி வாசலுக்கு விலகியது. மறுநாள் திரும்பி வந்தது. மறுநாள் அவர்களும் வந்தார்கள். அது வந்த நாளெல்லாம் வந்தார்கள்.

ஒரு விடியலில் குழந்தை தும்மியது. மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் பனி உச்சியிலிருந்து அடிவரை கிழிந்தது. அதற்குள்ளிருந்து பெண்கள் நடந்து வந்தார்கள். ஒருத்தி, இருவர், பிறகு ஒரு கூட்டமே. எந்தக் காலத்திலோ பிள்ளை பெற்று, தனியே கிடந்து கரைந்துபோனவர்கள். கரைந்துபோன அதே வயதில், பால் ஈரம் காயாத சேலையோடு வந்தார்கள். ஊரார் ஓடி வந்தார்கள்.

நரைத்த தாடிக்காரர் ஒருவர் தடுமாறி நடந்து, ஓர் இளம்பெண்ணின் எதிரே நின்றார். தன் கைக்குழந்தைக்கு இருந்த அதே மச்சத்தை அவர் காதோரத்தில் அவள் தொட்டுப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொள்வதுபோல அவள் கைகள் உயர்ந்தன.

"நான் இருக்கட்டும். நீ முதல்ல உக்காரும்மா" என்றார் அவர்.

அவள் உட்கார்ந்தாள். ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்தது.