ஜன்னலுக்குக் கீழ கருகின காலடி

ஒரு ஊர்ல ஒரு புல்லுத்தரை இருந்துச்சு. ஒரு நாள் காலைல பார்த்தா, அது மேல கருகருன்னு காலடி முளைச்சிருக்கு.

ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

வாசல் கேட்டுப் பக்கமிருந்து கிளம்பி, பச்சைப் புல்லு மேல நேரா நடந்து, தோட்டக்காரன் வீட்டு ஜன்னல் வரைக்கும் ஒரு வரிசை. அங்கேருந்து திரும்பி கேட்டு வரைக்கும் இன்னொரு வரிசை. ஒவ்வொரு அடியும் நெருப்பு வச்சுப் பொசுக்கின மாதிரி இருக்கு. முந்தின நாள் சாயங்காலம் பார்க்கும்போது ஒண்ணுமே இல்ல.

"பேயா?"

பேய்க்கு ஏதுடா செருப்பு? அது செருப்புத் தடம். குறுக்க பேசாம கேளு.

அப்போ பங்களா முதலாளி வராந்தாவுல நின்னுக்கிட்டு, "மாசி, லான் மேல யாருய்யா நடந்தது?"ன்னு கத்துறாரு.

மாசின்னா மாசிலாமணி. அந்தப் பங்களாவுக்குத் தோட்டக்காரன். புல்லுத்தரை ஓரத்துலயே அவனுக்கு ஒரு சின்ன வீடு. அவன் தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். தண்ணி பாட்டுக்கு சொளசொளன்னு கால் மேல ஊத்துது. நடந்தது யாருன்னு அவனுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு.

"நான்தாங்கய்யா"ன்னான்.

"நீயா? உன் காலு எப்பய்யா இத்தனூண்டு ஆச்சு?"

மாசிலாமணி குனிஞ்சு குழாயைப் புல்லு மேல திருப்பினான்.

"பொங்கலுக்கு ஆளுங்க வராங்க. இதையெல்லாம் வெட்டி எடுத்துட்டுப் புதுப் புல்லு பதி"ன்னுட்டு முதலாளி உள்ள போயிட்டாரு.

அது எப்படிக் காலடி திடீர்னு கருகும்னு கேப்ப. சொல்றேன். அந்த ஊரு மலை மேல இருக்கு. மார்கழி, தையில அங்க உறைபனி விழும். காத்தே இல்லாம, நட்சத்திரமெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கு நிச்சயம். விடியக்காலம் பார்த்தா புல்லு பூரா உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளையாக் கிடக்கும். அப்போ புல்லு கண்ணாடி மாதிரி. காலை வச்சா நறுக்குன்னு உள்ளுக்குள்ள ஒடஞ்சிடும். ஒடஞ்சது அன்னிக்குத் தெரியாது. வெயில் வந்து பனி உருகினதும் பழையபடி பச்சையா நிக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. அப்புறம் ரெண்டு மூணு நாள் போனதும் மிதிச்ச இடம் மட்டும் கருகும்.

அதனால பனிக்காலத்துல அந்தப் புல்லை மிதிக்கக் கூடாது. வெயில் படுறதுக்கு முன்னாடி எழுந்து தண்ணி அடிச்சுப் பனியைக் கழுவிடணும். முக்கியமா, ஒட்ட வெட்டக் கூடாது. நீளமா விட்டுடணும். புல்லுக்கு அதான் கம்பளி.

"ம்."

அந்த வெட்டுற விஷயத்துலதான் சண்டையே ஆரம்பிச்சுது.

மாசிலாமணிக்கு ஒரு பொண்டாட்டி, லூர்தம்மா. ஒரே பொண்ணு, ரீத்தா. ரீத்தா படிப்பைப் பாதியில நிறுத்திட்டு வீட்ல இருந்தா. நல்ல பொண்ணுதான், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தப் பனிக்காலம் ஆரம்பிக்கிற நேரத்துல மாசிலாமணி காய்ச்சல்ல படுத்துட்டான். மறுநாள் முதலாளி விருந்தாளிங்களோட வராருன்னு சேதி. புல்லு முள்ளம்பன்னி மாதிரி நின்னுச்சு. அப்பா திட்டு வாங்கப் போறாரேன்னு ரீத்தா அவளே மெஷினை உருட்டிக்கிட்டு வந்தா.

அது பெட்ரோல் மெஷின். கயித்தை இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். சரியான சனியன் பிடிச்ச மெஷின். முதல் இழுப்புக்கு டக். ரெண்டாவது இழுப்புக்கு டக்கு டக்கு. மூணாவதுக்குத்தான் டர்ர்ர்ர்னு கிளம்பும்.

அவ பங்களாவுக்கு முன்னாடி இருக்கிற பாதியை, கம்பளம் விரிச்ச மாதிரி ஒட்ட வெட்டினா. அப்புறம் இருட்டிடுச்சு. மீதியை விட்டுட்டு வந்து படுத்தா. அப்பாகிட்ட சொல்லல. காலைல எழுந்து பார்த்து அசந்துபோகட்டும்னு இருந்தா.

அன்னிக்கு ராத்திரின்னு பார்த்து பனி விழுந்துச்சு. காலைல வெட்டின பாதி பூரா வெந்த கீரை மாதிரி படுத்துருச்சு.

முதலாளி வந்தாரு, பார்த்தாரு. "எந்த முட்டாள் வெட்டினது?"

அப்போ மாசிலாமணி கம்பளியைப் போத்திக்கிட்டு எழுந்து வந்து, "நான் இல்லங்கய்யா, இவதான்"னு கையை நீட்டினான். பெத்த பொண்ணைக் காட்டி. முதலாளி அவளை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "படிக்கவும் வரல, புல்லு வெட்டவும் வரல"ன்னாரு. கூட வந்தவங்க சிரிச்சாங்க.

இப்ப நீயே சொல்லு, யாருக்குக் கோவம் வரணும்?

"அந்த அக்காவுக்கு."

ஆனா பேச்சை நிறுத்தினது இவன். அவளால பேரு கெட்டுப்போச்சாம். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஆனா அவகிட்ட ஒரு பேச்சு கிடையாது. எதுவா இருந்தாலும் பொண்டாட்டி வழியா. "லூர்து, இங்க யாரோ லைட்டை அணைக்காம விட்டிருக்காங்க, சொல்லு"ம்பான். ரீத்தா அங்கேயேதான் நிப்பா. "அவளுக்குக் காது இருக்கு, நான் என்ன தபால்காரியா?"ன்னு லூர்தம்மா கத்துவா.

அப்புறம் ரீத்தாவே இறங்கி வந்தா. ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, கை விறைக்க விறைக்க புல்லுக்குத் தண்ணி அடிச்சா. மாசிலாமணி வந்தான். அவ கையில இருந்த குழாயைப் பிடுங்கிக்கிட்டு முதுகைக் காட்டி நின்னான்.

இன்னொரு நாள் கோணிச்சாக்கெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து, கருகின பாதி மேல போத்தி விட்டா. அவன் வந்து அத்தனை சாக்கையும் எடுத்துட்டு, அதே சாக்கை, அதே இடத்துல, அதே மாதிரி திரும்பப் போட்டான்.

"லூசா அவன்?"

லூசு இல்ல. வீம்பு. மூணாவது தடவை கிறிஸ்மஸ் அன்னிக்கு. அவளே கறி சமைச்சு, நல்ல துண்டாப் பார்த்து அவன் தட்டுல வச்சா. "போதும்னு சொல்லு லூர்து"ன்னான். வச்ச துண்டை ஓரமா ஒதுக்கிட்டு வெறும் சோத்தைத் தின்னான்.

அதோட அவ விட்டுட்டா. ரெண்டு நாள் கழிச்சு, அவன் காதுல விழுற மாதிரி அம்மாகிட்ட சொன்னா, "பக்கத்து வீட்டு சகாயம் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா. நானும் போறேன்மா."

"லூர்து, போறவங்களைப் போகச் சொல்லு"ன்னான் மாசிலாமணி.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அவ கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி லூர்தம்மா அவன் பக்கத்துல வந்து உக்காந்தா. "ஏங்க, காலைல முதல் பஸ்ஸு. நீங்க எப்பவும் போல எழுந்து தண்ணி விடுங்க. குழாயடியத் தாண்டித்தானே அவ போகணும். ஒரு வார்த்தை, பார்த்துப் போன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்"னா.

"ம்"னான்.

நீ சொல்றியே, அதே ம். காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்ளோதான்.

காலைல அவன் எழுந்திரிக்கல. அத்தனை வருஷத்துல பனி விழுந்த ஒரு நாள் கூட அவன் படுத்துக் கிடந்தது இல்ல. அன்னிக்கு மட்டும் தலையோட கம்பளியை இழுத்து மூடிக்கிட்டான். குழாயடியில போய் நின்னா அவ மூஞ்சியைப் பார்க்கணுமே. லூர்தம்மா உலுக்கி உலுக்கிப் பார்த்துட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸை நிறுத்தி வைக்க முன்னாடி ஓடினா. பின்னாடியே ரீத்தாவும் சகாயமும். சரளைக்கல்லுப் பாதையில சரக் சரக்னு சத்தம். கேட்டு கிறீச்சுன்னுச்சு. அவ போயிட்டான்னு நினைச்சான்.

கொஞ்ச நேரத்துல கேட்டு திரும்பவும் கிறீச்.

அப்புறம் நறுக். நறுக். நறுக். நறுக்.

புல்லு மேல வருது. பாதை சுத்திக்கிட்டு வரும், அவ அவசரத்துல நேரா குறுக்க வரா. சின்ன வயசுலேர்ந்து பனியில அந்தப் புல்லை மிதிக்காதன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த பொண்ணு. சத்தம் கிட்ட வந்து, ஜன்னலுக்குக் கீழ நின்னுச்சு.

உள்ள அவன் கண்ணைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கான். அவ மூச்சு வாங்குறது கேக்குது. கையை நீட்டினா ஜன்னல் கொக்கி. ஏதோ மாடு வந்து நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டான்னு சொன்னா நம்பாத. அவனுக்குத் தெரியும். அவளும் அப்பான்னு கூப்பிடல, அதையும் சொல்லிடணும். ரெண்டு பேரும் சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா இருந்தாங்க.

அப்புறம் தூரத்துல பஸ்ஸு பாம் பாம்னுச்சு. நறுக் நறுக் நறுக்னு சத்தம் ஓடிப்போச்சு.

அவன் எழுந்து வெளிய வரும்போது வெயில் நல்லா ஏறிடுச்சு. புல்லு பச்சையா, ஈரமா மினுங்குது. ஒரு தடமும் தெரியல. அன்னிக்குத் தண்ணி அடிக்க நேரத்துக்கு எழுந்திருந்தா, பனியைக் கழுவியிருப்பான். அவ மிதிச்சாலும் புல்லுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

மூணாம் நாள்தான் கருகிக் கிளம்புச்சு. அப்போதான் முதலாளி கத்தினது, இவன் நான்தான்னு சொன்னது. முதல்ல சொல்லியிருக்க வேண்டியதை அப்போ சொன்னான். யாருக்கு என்ன பிரயோஜனம்?

சத்தம் கேட்டு லூர்தம்மா வெளிய வந்தா. தடத்தைப் பார்த்துக்கிட்டே ஜன்னல் வரைக்கும் நடந்தா. அங்க ரெண்டு பாதம், பக்கத்துல பக்கத்துல, வீட்டைப் பார்த்த மாதிரி. மத்த அடியெல்லாம் புல்லுதான் கருகியிருக்கு, இந்த ரெண்டும் மண்ணு தெரியக் கருகியிருக்கு. அவ்ளோ நேரம் நின்னிருக்கா.

"சுவெட்டரை விட்டுட்டேன்னு சொல்லித்தான் திரும்பி ஓடினா"ன்னா லூர்தம்மா. "வெறுங்கையோட வந்தா. ஏண்டின்னு கேட்டேன், கிடைக்கலைன்னா. இங்க கதவுக்குப் பின்னாடி ஆணியிலயே தொங்குது. அவ உள்ளயே வரல." அப்புறம் அவன் பக்கம் திரும்பினா. "முழிச்சுக்கிட்டுத்தானே கிடந்தீங்க?"

அவன் குழாயை மூடப் போயிட்டான்.

"ம்..."

கண்ணு சொருகுது பாரு. கொஞ்சம்தான் பாக்கி.

முதலாளி சொன்னபடி அவன் வெட்டி எடுக்கல. பொங்கல் வந்துச்சு, ஆளுங்க வந்தாங்க, முதலாளி திட்டினாரு, வாங்கிக்கிட்டான். அப்புறம் பனி விழுந்த நாளெல்லாம் கும்மிருட்டுல எழுந்து, அந்தத் தடத்துக்கு ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தண்ணி அடிச்சான். விழுந்த இலையைக் கையாலயே பொறுக்கினான். ஒரு நாள் லூர்தம்மாவுக்குத் தாங்கல. "அவ மிதிச்ச மண்ணுக்கு இத்தனை பணிவிடை பண்றீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வரல"ன்னா.

அப்புறம் லீவுல சகாயம் ஊருக்கு வந்தா. வந்து சேதி சொன்னா. "ரீத்தா ஈஸ்டருக்கு வரேன்னா, சித்தப்பா. ஆனா நீங்க கூப்பிடணுமாம். அம்மா கூப்பிட்டா பத்தாதாம். இல்லைன்னா அங்கேயே ஒரு இடம் பேசறாங்க, கட்டிக்கிட்டு இருந்துடுவாளாம்."

"சரி"ன்னான். நாளைக்குக் கூப்பிடலாம்னு நினைச்சான். மறுநாளும் நாளைக்குன்னுதான் நினைச்சான்.

அதுக்குள்ள பனி போச்சு. கோடை மழை பொத்து பொத்துன்னு விழுந்துச்சு. புல்லு நாலா பக்கமும் ஊர்ந்து வந்து தடத்தை மூடிருச்சு. முதல்ல கேட்டுப் பக்கம், அப்புறம் நடுவுல, கடைசியா ஜன்னலுக்குக் கீழ இருந்த அந்த ரெண்டு பாதமும். இனிமே அவ எங்க நின்னான்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், நாளைக்கு ஆளுங்க வராங்க, எல்லாத்தையும் வெட்டுன்னு முதலாளி சொல்லிட்டுப் போனாரு. மாசிலாமணி வெட்டிக்கிட்டே வந்தான். டர்ர்ர்ர்னு வந்து, ஜன்னலுக்குக் கீழ அந்த இடத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்திட்டான். புல்லு அங்க இளம்பச்சையா இருக்கு. அவ நின்ன இடத்துலயே, வீட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான்.

அப்போ ஜன்னல் திறந்துச்சு. லூர்தம்மா உள்ளேருந்து கையை நீட்டினா. கையில போன்.

"ரிங் போகுது. ஒரே ஒரு வார்த்தை, வான்னு சொல்லுங்க. கடைசி பஸ்ஸைப் பிடிச்சிடுவா."

அவன் போனைப் பார்த்தான். குனிஞ்சு மெஷின் கயித்தைப் பிடிச்சான். இழுத்தான்.

டக்.

போன்ல, "ஹலோ, அம்மா?"ன்னு சத்தம். லூர்தம்மா போனை இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டினா.

ரெண்டாவது தடவை இழுத்தான். டக்கு டக்கு.

அது என்ன சத்தம்னு ரீத்தாவுக்குத் தெரியாதா? அந்த மெஷினை இழுத்தவதானே. "அப்பா?"ன்னா. "அப்பா, நீங்களா?"

கயிறு கையில இருக்கு. வாயைத் திறந்தான்.

மூணாவது தடவை இழுத்தான். டர்ர்ர்ர்.

ம்? முடிஞ்சுது. கதையும் படுத்துருச்சு, நீயும் படு. கால்மாட்டுல கிடக்கிற போர்வையை இழுத்துக்கோ.

"அப்புறமாச்சும் பேசினானா?"

எல்லாரும் பேசுன்னுதான் சொன்னாங்க. பேசல. தூங்கு.