தீர்த்தம் குடித்த வண்டி

நாமக்கல் பைபாஸில் இருந்த பாவாயியின் டீசல் பட்டறைக்கு ஒருநாள் ஒரு வீடே வந்து நின்றது.

பழைய மினி பஸ் அது. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி. ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரை. ஓட்டி வந்தவர் சங்கரவடிவு. வயது அறுபத்தொன்று. பாளையங்கோட்டை வீட்டை விற்று, கணவரும் அவரும் சேர்ந்து அந்த வண்டியைக் கட்டினார்கள். ஊர் ஊராகக் கோயில் பார்ப்பது என்று திட்டம். புறப்படுவதற்கு முந்தின மாதம் கணவர் இறந்துபோனார். சங்கரவடிவு தனியாகவே புறப்பட்டார்.

"ரெண்டு பட்டறையில பாத்தாச்சு. காயலான் கடைக்குப் போடுங்கானுவ. போட்டுட்டு நான் எங்க போய்ப் படுக்க?" என்றார்.

பாவாயி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீரில் எண்ணெய் கலந்து, பால் கூடிப்போன டீ மாதிரி இருந்தது.

"எண்ணெயைத் தண்ணி குளிர வெக்கிற ஆயில் கூலர் போயிடுச்சுங்கம்மா. இன்னொரு தடவை சூடேறினா என்ஜின் வெடிப்பு விட்டுரும். அப்புறம் யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது."

"இப்ப முடியுமா ஏட்டி?"

"முடியுங்க."

பாவாயிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த திருமூர்த்திக்கு நாற்பத்தேழு. இருபது வருடம் லாரி ஓட்டி, முதுகு போய், பட்டறைக்கு வந்தவர். பாவாயியை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

திருமூர்த்தி கூலரைக் கழற்றி எடுத்தார். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் ஓட இடமே இல்லை. வெள்ளையாக ஏதோ கெட்டிப்பட்டு அடைத்திருந்தது. ஒரு தகடு அரித்துப்போய்ப் பொத்தல் விழுந்திருந்தது.

அவர் வண்டிக்குள் தலையை நீட்டினார். "ரேடியேட்டர்ல என்னங்கம்மா ஊத்துனீங்க?"

"தீர்த்தம்."

"எந்தத் தீர்த்தங்க?"

"எல்லாந்தான். ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு கிணத்துலயும் ஒவ்வொரு சொம்பு. திருச்செந்தூர் நாழிக்கிணறு. பாவநாசம். போற ஊர்ல எல்லாம் முதல் சொம்பு வண்டிக்குத்தான். அவரு கையால கட்டின வண்டி தம்பி. அவருக்குத்தான் குடுத்துவைக்கல."

திருமூர்த்தி பாவாயியிடம் திரும்பி வந்தார்.

"மேஸ்திரி, பார்ட் பழசாயிடுச்சுன்னு சொல்லிடலாங்களா?"

"பழசா?"

"இல்லீங்க. வண்டி கட்டும்போது புதுசா போட்டது, தேதி அடிச்சிருக்கு. ரெண்டு வருசந்தான் ஆச்சு."

"அப்புறம்?"

"தீர்த்தம்தான் கெடுத்துச்சுன்னு அந்தம்மாகிட்ட எப்படிங்க சொல்றது? மனசு விட்டுருவாங்க."

"சொல்லாட்டி?"

"மறுபடி ஊத்துவாங்க."

"ஊத்துனா?"

"வீடு போயிரும்."

பாவாயி கூலரை ஒரு தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தார். "கொண்டுபோய்க் காட்டுங்கண்ணா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

சங்கரவடிவு கூலரைத் தட்டினார். வெள்ளைச் சில்லுகள் தட்டில் உதிர்ந்தன. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், தான் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதன் அடியிலும் அதே வெள்ளை.

"ரெண்டும் ஒன்னுதானா?"

"ஒன்னுதாங்க."

"நான் ஊத்தினதா?"

"ஆமாங்க."

"சாமி தண்ணியக் குறை சொல்லுதியளோ?"

"தண்ணியில குறையில்லீங்க. என்ஜின் சூட்டுல அதுல இருக்குற உப்பு தங்கிப்போயிடுது."

சங்கரவடிவு திரையை இழுத்து மூடிக்கொண்டார். அன்று அந்த அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "இனி ஊத்தல. போய் வேலையப் பாருங்க."

"சொன்னது சரிதானுங்களா மேஸ்திரி? அவங்க சாப்பிடக்கூட இல்லீங்க."

"வேலை இன்னும் முடியலீங்கண்ணா," என்றார் பாவாயி.

புதுத் தகடுகள் வந்தன. கசியாமலிருக்கப் புது கேஸ்கட் வைத்துத் திருமூர்த்தி கூலரைக் கட்டினார். உள்ளே காற்றடைத்து வெந்நீர்த் தொட்டியில் முக்கினார். குமிழி வரவில்லை. அரைமணி நேரம் கழித்து மறுபடி முக்கினார். வரவில்லை. மூன்றாவது தடவை முக்கப் போனபோது பாவாயி காற்றுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டார்.

"விடுங்கண்ணா. உங்க மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டு அதுவே ஒரு குமிழி விட்டுரும்."

ரேடியேட்டரையும் குழாய்களையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினார்கள். நான்காவது தடவைதான் தெளிந்த தண்ணீர் வந்தது.

"ரேடியேட்டர்ல ஊத்துற கூலன்ட் எது நல்லதுங்க மேஸ்திரி? கடையில பச்சை, சிவப்பு, நீலம்னு வெச்சிருக்கான். சிவப்புதான் விலை ஜாஸ்தி."

"கலரு நம்ம கண்ணுக்கு. என்ஜினுக்கு ஏது கண்ணு?" பாவாயி என்ஜின் புத்தகத்தைப் புரட்டி ஒரு எண்ணைக் காட்டினார். "இந்த நம்பர் எந்த டப்பாவுல இருக்கோ அது. பாதி அது, பாதி உப்பில்லாத பேட்டரித் தண்ணி."

"பின்னால குறைஞ்சா?"

"அதேதான். வேற எதுவும் கூடாது."

மறுநாள் காலை கொல்லிமலையில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவானது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள்.

"சாமானெல்லாம் இறக்கிட்டுத்தானுங்களே?" என்றார் திருமூர்த்தி.

"வீட்டோடதான் போறோம்."

சங்கரவடிவு ஓட்டினார். பாவாயி பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்த திருமூர்த்தி வெப்பமானி முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபதாவது வளைவில் முள் ஏறத் தொடங்கியது. முப்பதில் இன்னும் ஏறியது. அவர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"முள்ளு எங்கயும் ஓடிராது தம்பி. எதுக்க பஸ்ஸு வருதான்னு பாருங்க."

நாற்பதில் முள் நடுக்கோட்டைத் தொட்டது. ஐம்பதில் அங்கேயே நின்றது. அறுபதிலும் அங்கேயே. பின்னால் அலமாரியில் பாத்திரங்கள் கலகலவென்று ஆடிக்கொண்டு வந்தன. எழுபதாவது வளைவைத் திரும்பியதும் சங்கரவடிவு ஹாரனை அழுத்தினார். மலை முழுக்கக் கேட்கும்படி, கை வலிக்கும்வரை அழுத்தினார். கீழேயிருந்து யாரோ ஒரு லாரிக்காரர் பதில் ஹாரன் கொடுத்தார்.

திருமூர்த்தி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மேலே ஓர் ஊற்றருகே நிறுத்தினார்கள். சங்கரவடிவு சொம்போடு இறங்கிப் போய்த் தண்ணீர் மொண்டு வந்தார். நேராக வண்டியின் முன்பக்கம் வந்து நின்றார். திருமூர்த்தி பானட்டுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"ஊத்த மாட்டேன் தம்பி. பயப்படாதிய. சொன்னா சொன்னதுதான்."

ஆனால் சொம்பைக் கீழே வைக்கவில்லை. குடிக்கவும் இல்லை. வண்டியைப் பார்த்தபடி நின்றார்.

பாவாயி பானட்டைத் தூக்கினார். ஓர் ஓரத்தில் வெள்ளையாகச் சிறிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருந்தது. அது வண்டியோடு வந்ததல்ல. எப்போது மாட்டினார் என்று திருமூர்த்திக்குத் தெரியவில்லை.

"இதுல ஊத்துங்கம்மா. என்ஜினுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

சங்கரவடிவு இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். பாவாயி உள்ளே ஏறி ஒரு சுவிட்சை அழுத்தினார். முன்கண்ணாடியில் இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வைப்பர் எழுந்து, வழியெல்லாம் படிந்த தூசியை வழித்துக்கொண்டு போனது.

"ஏட்டி! அபிஷேகம்லா நடக்கு!"

அவர் ஓடிப்போய் ஏறி, தானே ஒருமுறை அழுத்தினார். பிறகு இன்னொரு முறை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் சிரிப்பது தெரிந்தது.

திருமூர்த்தி பாவாயியின் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "மேஸ்திரி, போற ஊர்த் தண்ணியெல்லாம் இதுல விழும். உப்புக் கட்டி, தண்ணி பீய்ச்சுற அந்தச் சின்ன ஓட்டை அடைச்சுக்குமே."

"அடைச்சுக்கும்."

"தெரிஞ்சேவா மாட்டுனீங்க?"

"அந்த ஓட்டைக்கு ஒரு குண்டூசி குத்துனாப் போதுங்கண்ணா. சொம்பைப் புடிச்சுட்டு நிக்கிற கைக்கு நாம என்ன பண்றது?"