அமாவாசை யாருக்கு

அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகக் கிடப்பவர்களுக்குச் சோறு போட அந்த ஊரில் இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று குமரேச அடிகளின் மடம். மற்றது அரிசி மண்டிக்காரர்களின் அறக்கட்டளை. இரண்டும் அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் போகும். அன்றைக்குப் போட்டால்தானே புண்ணியம்! ஒரே வாசலில் இரண்டு வண்டி நிற்கும். மிஞ்சிய சாம்பார் சாதம் சாக்கடைக்குப் போகும். மறுநாள் பிரதமை. ஆகாத நாளென்று ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"சேர்ந்து செய்யுங்கள், நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய டாக்டர் இரு தரப்பிடமும் கெஞ்சியிருந்தார். மடத்தின் சார்பில் பேசப் போனவள் அடிகளின் சிஷ்யை வல்லியம்மை. மடத்துச் சமையல் அவள் பொறுப்பு. போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"மண்டிக்காரங்க அமாவாசையை விட மாட்டாங்களாம், சாமி. நாம மட்டும் எதுக்கு விடணும்? நானும் முடியாதுன்னுட்டு எழுந்துட்டேன்."

"அப்புறம்?"

அவள் குரல் இறங்கியது. "வெளியே வரும்போது குழந்தைகள் வார்டுலேருந்து புள்ளைக்குத் துணையா இருக்கிற ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நாளைக்கும் வருவீங்களாம்மான்னு கேட்டா. கையை விடுவிச்சுக்கிட்டு வந்துட்டேன், சாமி."

அடிகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். இலையை எடுக்க வந்தவரைத் தடுத்தார்.

"வல்லி, நாளைச் சோத்தையும் இப்பவே போட்டுடு. நாளைக்கு உலை வைக்க வேண்டாம்."

அவள் போட்டாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. அடிகள் ஒரு கவளம் எடுத்தார், விழுங்க முடியவில்லை.

"என்ன விளையாட்டு சாமி இது? நாளைப் பசிக்கு இன்னைக்கு எப்படிச் சாப்பிடுறது?"

"ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க இப்படிச் சாப்பிடணும்னுதானே நீயும் மண்டிக்காரங்களும் சொல்றீங்க?"

வல்லியம்மை கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அமாவாசையை அவங்களுக்கே விட்டுடலாமா? பிரதமை, அஷ்டமி, நவமியெல்லாம் நாம எடுத்துக்கலாமா?"

"அரிசியும் அவங்ககிட்டயே கேளு. சமைக்க ஆள் நம்மகிட்ட இருக்கு."

"கேக்குறேன். ஆனா அந்த நாள்ல ஊர்க்காரங்க யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்களே சாமி. நாம போடுறதை யார் பார்ப்பா?"

"பசியோட இருக்கிறவங்க" என்றார் அடிகள்.