யார் முகத்தையும் பார்க்காத ஆள்

கொன்றையூர் அரசர் செங்கோடவர்மருக்குச் சபை கூட்டுவதென்றால் உயிர். பெரிய ஏரிக்கரையில் விரிசல் கண்டதும் ஒன்பது நாள் விடாமல் சபை கூட்டினார். விரிசல் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அரை முழமாக இருந்தது இரண்டு முழமாயிற்று.

அமைச்சர் பரமேசுரர் கல் கட்டவேண்டும் என்பார். கல்லுடைக்கும் மலை அவர் மைத்துனருடையது. சேனாதிபதி மண்ணே போதும் என்பார். மண்வண்டிகள் அவருடையவை. பிறகு அரசர், தம் பாட்டனார் அந்த ஏரியை வெட்டிய கதையைத் தொடங்குவார். கதை முடியும்போது சாப்பாட்டு வேளை வந்துவிடும்.

பத்தாம் நாள் அரசருக்கே அலுத்துவிட்டது.

"சபையை நடத்த நடுநிலையான ஆள் வேண்டும். யார் முகத்தையும் பார்க்காதவன் வேண்டும்."

அமைச்சர் தம் மருமகனைச் சொன்னார். சேனாதிபதி தம் தம்பியைச் சொன்னார். அரசர் விகடகவி வெண்காடனைப் பார்த்தார்.

"நீ நடத்து. யார் முகத்தையாவது பார்த்தாயானால் நாடு கடத்திவிடுவேன்."

மறுநாள் வெண்காடன் சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். பக்கத்தில் நீர் சொட்டி நிரம்பி நேரம் காட்டும் நாழிகை வட்டில். அது ஒரு முறை நிரம்பும்வரை ஒருவர் பேசலாம்.

அமைச்சர் பேசினார். "போதும், அடுத்தவர்." சேனாதிபதி பேசினார். "போதும்."

மூன்றாவதாக ஒரு குரல், "என் பாட்டனார் காலத்தில்..." என்று எழுந்தது. வட்டில் நிரம்பியது. குரல் நிற்கவில்லை.

"பாட்டனார் கதை போதும். உட்காருங்கள்," என்றான் வெண்காடன்.

எல்லாத் தலைகளும் அரியணைப் பக்கம் திரும்பின. அவன் சுவரைப் பார்த்தபடியே, "ஏரிக் கண்காணி சடையன் இருக்கிறாரா? ஒன்பது நாளாக அவர் குரலையே கேட்கவில்லையே," என்றான்.

கடைசி வரிசையில் சடையன் எழுந்தார். "ஐயா, முதலில் மதகைத் திறந்து பாதித் தண்ணீரை வடிக்கணும். அப்புறம் களிமண்ணைப் போட்டு இடிச்சுக் கெட்டிப்படுத்தணும். இன்றைக்கே தொடங்கினால் மழைக்கு முன்னால் முடிச்சிடலாம்."

"மறுப்பவர் உண்டா?"

இல்லை. சாப்பாட்டு வேளைக்கு முன்பே மதகு திறந்தது.

அரசர் மெல்லக் கேட்டார். "வெண்காடா, நான் என்று தெரியாமலா உட்காரச் சொன்னாய்?"

"தெரியும் அரசே. அத்தனை நீளக் கதைக்கும் ஒரு கொட்டாவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வேறு யாராக இருக்கமுடியும்?"

"தெரிந்துமா சொன்னாய்?"

"தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் நாடு கடத்துவீர்களே."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி, முதுகுப்புறமாகவே அவன் கழுத்தில் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, சபையும் சிரித்தது.